உரோமானியச் சாலையோர ஊர்கள்: வாழ்வும் தாழ்வும்

உரோமானியர் என்றதும் நம் பாடநூல்கள் தவறாமல் காட்டும் படம் ஒன்று உண்டு. கல் பாவிய நேரான சாலை. ஓரத்தில் ஒரு மைல்கல். தொலைவில் அணிவகுத்து வரும் படைவீரர்கள். கி.மு. 312இல் அப்பியுஸ் கிளாடியுஸ் தொடங்கிவைத்த அப்பியச் சாலையின் பெயரை மாணவர்கள் மனனம் செய்து தேர்வும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் இடம்பெறாத ஒன்றைப் பற்றியே இக்கட்டுரை. அந்தப் படைவீரன் அன்றிரவு எங்கே உறங்கினான்? அவனுடைய குதிரைக்குத் தீவனம் போட்டவர் யார்? அந்தத் தீவனத்திற்கு விலை கொடுத்தவர் யார்?

இக்கேள்விகளுக்கு விடை சாலையோர ஊர்களில் இருக்கிறது. பெருநகரங்களைப் போல் அவற்றுக்கு அரங்குகளும் வெற்றி வளைவுகளும் இருந்ததில்லை. சில சத்திரங்கள், குதிரை இலாயங்கள், கொல்லர் பட்டறை, ஒரு குளியல் கூடம், ஒரு சிறு கோயில், சாலைக்கு முகம் காட்டி நின்ற நீள நீளமான கடைவீடுகள் ஆகியவையே அவற்றின் சொத்து. பேரரசின் நீள அகலம் எங்கும் இத்தகைய ஊர்கள் இருந்தன. இவற்றின் கதை கி.பி. 3ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், அதாவது பேரரசு தன் உருவத்தையே மாற்றிக்கொண்ட காலத்தில், மிகவும் சுவையானது. சில இடங்களில் வேதனை தருவதும்கூட.

முதலில் இவ்வூர்களுக்கு வாழ்வளித்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வோம். பேரரசர் அகஸ்டஸ் அரசாங்கச் செய்திகளை விரைவாகக் கொண்டுசெல்ல ஓர் அமைப்பை உண்டாக்கினார். பிற்காலத்தில் அது ‘குர்சுஸ் பூப்ளிக்குஸ்’ எனப் பெயர் பெற்றது. அரசு அஞ்சல் என்று நாம் சொல்லலாம். ஆனால் இது பொதுமக்கள் கடிதம் அனுப்பும் அஞ்சல் அன்று. அரசின் தூதர்களும் அதிகாரிகளும் அரசுச் சரக்குகளும் மட்டுமே இதில் செல்லலாம். வழி நெடுகக் குதிரை மாற்றும் நிலைகள் இருந்தன. அவற்றுக்கு ‘முத்தாத்தியோ’ என்று பெயர். இரவு தங்கி உணவருந்தும் பெரிய நிலையங்களுக்கு ‘மன்சியோ’ என்று பெயர். இவற்றை இனி மாற்றுநிலை, தங்கல்நிலை என்றே எழுதுகிறேன்.

இந்த வசதியைப் பெற அனுமதிச் சீட்டு வேண்டும். பித்தினியா நாட்டின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, தம் மனைவியின் பாட்டனார் இறந்தபோது அவர் விரைந்து ஊர் செல்லட்டும் என்று ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மனம் பொறாமல் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதி விளக்கம் சொன்னார். ஓர் ஆளுநரே இப்படி அஞ்சினார் என்றால் சீட்டின் மதிப்பு எத்தகையது என்பது விளங்கும். எல்லா அதிகாரிகளும் பிளினியைப் போல் இருந்திருந்தால் இக்கட்டுரையின் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது.

333ஆம் ஆண்டில் இன்றைய பிரான்சு நாட்டின் போர்தோ நகரிலிருந்து ஒரு கிறித்துவப் பயணி எருசலேமுக்குப் புறப்பட்டார். அவருடைய பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எழுதிவைத்த வழிக்குறிப்பு கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தமாக, இது நகரம், இது தங்கல்நிலை, இது மாற்றுநிலை என்று தொலைவுடன் பட்டியலிட்டுக்கொண்டே போகிறார். போர்தோவிலிருந்து கான்ஸ்டான்டினோபிள் வரை 2221 மைல்கள், 230 மாற்றுநிலைகள், 112 தங்கல்நிலைகள் என்று கூட்டுத்தொகையும் தருகிறார். சராசரியாகப் பத்து மைலுக்கு ஒரு முறை குதிரை மாற்றலாம் என்பது இதனால் தெரிகிறது. உரோமானிய மைல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். அவர் பட்டியலிட்ட அந்த நூற்றுக்கணக்கான பெயர்களில் ஒவ்வொன்றும் ஓர் ஊர், அல்லது ஊராகத் துடித்துக்கொண்டிருந்த ஓர் இலாயம்.

‘பியூட்டிங்கர் வரைபடம்’ எனப்படும் பழைய உரோமானியச் சாலைப் படத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட படியே இன்று வியன்னாவில் உள்ளது. ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள அந்தத் தோற்சுருளில் நிலமெல்லாம் நசுங்கிச் சாலைகளே முதன்மை பெறுகின்றன. அதன் கிழக்கோரத்தில், நம் சங்க இலக்கியம் போற்றும் முசிறியும் அதனருகே அகஸ்டஸ் கோயில் ஒன்றும் குறிக்கப்பட்டுள்ளன. வகுப்பில் இதைக் காட்டினால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது என் அனுபவம்.

சாலை ஓர் ஊருக்கு வரமா, சாபமா? இரு கல்வெட்டுகள் இரு விதமாக விடை சொல்கின்றன.

முதலாவது, இன்றைய பல்கேரியாவிலுள்ள ஸ்காப்டோபாரா என்னும் சிற்றூரின் கல்வெட்டு. 238ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் பேரரசர் மூன்றாம் கோர்டியனுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். அவர்களுக்குக் குறையொன்றும் இருந்திருக்கக் கூடாது. ஊரில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. இரண்டு கல் தொலைவில் ஆண்டுதோறும் பெயர்பெற்ற சந்தை கூடும். இரண்டு படைமுகாம்களுக்கு நடுவே ஊர் அமைந்திருந்தது. அந்த நல்ல இருப்பே அவர்களுக்கு வினையாயிற்று. ஒரு முகாமிலிருந்து மற்றொரு முகாமுக்குச் செல்லும் வீரர்கள் தங்கள் வழியை விட்டு விலகி இவ்வூருக்கு வந்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள் வந்தார்கள். வெந்நீரில் குளிக்க அதிகாரிகளும் ஆளுநர்களுமே வந்தார்கள். ஆளுநர்களை நாங்கள் கடமையென்று உபசரிக்கிறோம், மற்றவர்கள் உணவும் உறைவிடமும் கேட்டு வாங்கிக்கொண்டு காசு தராமல் போகிறார்களே என்பது அவர்களுடைய முறையீடு. இந்நிலை நீடித்தால் முன்னோர் தந்த வீடுகளை விட்டு ஓடிவிடுவோம், அப்போது அரசுக்கு வரியும் கிடைக்காது என்று பணிவோடு ஒரு மிரட்டலும் சேர்த்திருந்தார்கள்.

அவ்வூரில் நிலம் வைத்திருந்த பிர்ருஸ் என்னும் படைவீரர் பேரரசரின் மெய்க்காவல் படையில் பணியாற்றினார். அவர் மூலமாகத்தான் விண்ணப்பம் அரசரை எட்டியது. எந்தக் காலத்திலும் தலைநகரில் நம்மவர் ஒருவர் இருப்பது நல்லதுதான். அரசரின் விடையோ சுருக்கமானது: இதை உங்கள் ஆளுநரிடம் சொல்லுங்கள். எந்த ஆளுநருடைய ஆணைகள் ஏற்கெனவே பயனற்றுப் போயினவோ, அவருடைய அலுவலகத்திற்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆயினும் அம்மக்கள் விண்ணப்பத்தையும் விடையையும் கல்லில் வெட்டி நிறுத்தினார்கள். அடுத்துவரும் படைவீரன் படித்துப் பார்த்து அஞ்சட்டும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

இரண்டாவது கல்வெட்டு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பிந்தியது. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் ஒர்கிஸ்டுஸ் என்றோர் ஊர் இருந்தது. முன்னொரு காலத்தில் அது நகரத் தகுதியுடன், தனக்கென ஆட்சி மன்றமும் நடுவர்களும் பெற்றிருந்தது. பின்னர் அத்தகுதியை இழந்து பக்கத்து நகரமான நகோலியாவின் கீழ் ஒரு சிற்றூராகச் சேர்க்கப்பட்டது. தகுதி இழப்பு என்பது வெறும் பெயரளவிலான சிறுமை அன்று. வரி வாங்குவது நகோலியா. யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும் நகோலியா. ஒர்கிஸ்டுஸ் மக்கள் பேரரசர் கான்ஸ்டன்டைனிடம் முறையிட்டார்கள். எங்களுக்கு நகரத் தகுதியைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே கோரிக்கை.

அதற்கு அவர்கள் அடுக்கிய காரணங்களில் முதன்மையானது எது தெரியுமா? எங்கள் ஊரில் நான்கு சாலைகள் கூடுகின்றன. அரசு அலுவலர் அனைவரும் தங்குவதற்கேற்ற தங்கல்நிலை இருக்கிறது என்பதுதான். வற்றாத நீர்வளம், பொதுக் குளியல் கூடங்கள், பழைய பேரரசர்களின் சிலைகள் நிற்கும் மன்றம், ஓடிவரும் நீரால் சுழலும் ஏராளமான மாவரைக்கும் ஆலைகள் ஆகியவற்றையும் சொன்னார்கள். நாங்கள் அனைவரும் கிறித்துவ சமயத்தைப் பின்பற்றுகிறோம் என்று கடைசியில் சேர்த்ததும் மறதியால் அன்று. புதிய சமயத்தைத் தழுவியிருந்த அரசரிடம் எதைச் சொன்னால் எடுபடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோரிக்கை நிறைவேறியது. ஆனால் நகோலியா எளிதில் விடவில்லை. கோயில் வழிபாட்டுச் செலவு என்ற பெயரில் ஒரு தொகையைத் தொடர்ந்து கேட்டுவந்தது. 331ஆம் ஆண்டில் மற்றுமோர் அரசாணை வந்தபின்தான் அதுவும் நின்றது. இவை அனைத்தையும் ஒரு தூணில் பொறித்துவைத்தார்கள்.

ஸ்காப்டோபாரா மக்கள் எதைக் கண்டு ஊரை விட்டு ஓட நினைத்தார்களோ, அதையே ஒர்கிஸ்டுஸ் மக்கள் தங்கள் பெருமையாகக் காட்டினார்கள். ஓர் ஊரில் சாலைவழி வந்த அரசு தின்றுவிட்டுப் போயிற்று. மற்றோர் ஊரில் அதே அரசு தகுதியும் உரிமையும் தந்தது. இந்த வேறுபாட்டுக்கு ஊர்மக்களின் உழைப்போ சோம்பலோ காரணம் அல்ல. அரசு தன் சாலையில் யாரை அனுப்புகிறது, அனுப்பியவனை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பதைப் பொறுத்தே சாலையோர ஊரின் தலையெழுத்து அமைந்தது. பின்வரும் நூற்றாண்டுகளின் நிகழ்ச்சிகள் அனைத்தையும் நான் இந்தக் கண்கொண்டே பார்க்கிறேன்.

இவ்விரு கல்வெட்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மேற்கே என்ன நடந்தது என்பதற்கு ஜெர்மனியிலுள்ள நொய்மாகன் நல்ல சான்று. அக்காலத்தில் அதற்கு நொவியோமாகுஸ் என்று பெயர். திரியர் நகரிலிருந்து ரைன் ஆற்றை நோக்கிச் செல்லும் சாலையில், மோசல் ஆற்றங்கரையில் இருந்தது. 2, 3ஆம் நூற்றாண்டுகளில் இப்பகுதியில் மது வணிகத்தால் செல்வம் பெருகியது. வணிகர்கள் தங்களுக்கு மிகப் பெரிய கல்லறைச் சின்னங்களை எழுப்பிக்கொண்டார்கள். பிறகு 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லை உடைந்தது. ரைனுக்கு அப்பாலிருந்து படையெடுப்புகள் நிகழ்ந்தன. சாலை வழியே வணிகன் வருவதைப் போலவே பகைவனும் வருவான் அல்லவா? கான்ஸ்டன்டைன் காலத்தில் இங்கே வட்டக் கோபுரங்களுடன் ஒரு கோட்டை எழுந்தது. விரிந்து கிடந்த ஊர் ஒரு மதிலுக்குள் ஒடுங்கியது. இதே போக்கை அவ்வட்டாரத்தின் பிட்பர்க், யுங்கராத் ஆகிய சாலையோர ஊர்களிலும் காணலாம்.

அந்த மதிலின் அடித்தளத்திற்குக் கற்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் மனத்தைத் தொடும் செய்தி. தங்கள் முன்னோரின் கல்லறைச் சின்னங்களையே பெயர்த்து அடித்தளத்தில் போட்டார்கள். 1878இல் அந்த அடித்தளத்திலிருந்து, மதுப் பீப்பாய்களை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றின் கற்சிற்பம் வெளிப்பட்டது. ஏறத்தாழ 220ஆம் ஆண்டைச் சேர்ந்த அது இன்று திரியர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆசிரியர்களாகிய நமக்கு அதனினும் நெருக்கமான வேறொரு சிற்பமும் அங்கிருந்தே கிடைத்தது. தாடி வைத்த ஆசிரியர் நடுவில் அமர்ந்திருக்கிறார். இருபுறமும் இரு மாணவர்கள் ஏட்டுச் சுருளை விரித்து வைத்திருக்கிறார்கள். மூன்றாமவன் தாமதமாக வந்து கையை உயர்த்தி வணக்கம் சொல்கிறான். ஆசிரியரின் முகத்தை உற்றுப் பாருங்கள். அந்தப் பார்வை நமக்குப் புதியதன்று. பிள்ளைகளின் கல்வியைக் கல்லில் செதுக்கி வைக்கும் அளவுக்கு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் சின்னம், நூறாண்டுகள் கழித்து மதிலுக்கு அடியில் வெறுங்கல்லாகக் கிடந்தது. உயிரோடிருப்பவர்களுக்கு அன்று மதில் தேவைப்பட்டது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

4ஆம் நூற்றாண்டில் அரசு பெரிதாயிற்று. அதிகாரிகள் பெருகினார்கள், படைக்கான தானியமும் துணியும் சாலைவழியே சென்றன. 438இல் வெளியான தியோடோசியச் சட்டத் தொகுப்பில் அரசு அஞ்சலைப் பற்றி மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட ஆணைகள் இருக்கின்றன. ஒரு வண்டியில் 1000 பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. கோடையில் எட்டுக் கோவேறு கழுதைகள், குளிர்காலத்தில் பத்து. விலங்குகளைத் தடியால் அடிக்கக்கூடாது. தகுதியற்றோருக்குச் சீட்டு வழங்கக்கூடாது என்று நீளும். ஒரே தடையைத் திரும்பத் திரும்ப விதிக்கிறார்கள் என்றால் அது மீறப்பட்டது என்றுதான் பொருள். பள்ளியில் ஒரே அறிவிப்பை ஒவ்வொரு திங்களும் வாசிக்கும் நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதிய வகைப் பயணிகளும் வந்தார்கள். பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியுஸ் ஆயர்களை மாநாட்டுக்கு மேல் மாநாடாக அரசுக் குதிரைகளில் வரவழைத்ததால் அஞ்சல் அமைப்பே தளர்ந்துபோயிற்று என்று அம்மியானுஸ் என்னும் வரலாற்றாசிரியர் கசந்து எழுதுகிறார். அவர் கிறித்துவர் அல்லர் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். தங்கல்நிலை ஊர்களின் சத்திரக்காரர்களுக்கு அது கசப்பாயிற்றா இனிப்பாயிற்றா என்பது, பயணி காசு தந்தாரா சீட்டைக் காட்டினாரா என்பதைப் பொறுத்தது.

5ஆம் நூற்றாண்டில் மேற்குப் பகுதியில் அரசே தேயத் தொடங்கியது. 417இல் ருட்டிலியுஸ் நமாட்டியானுஸ் என்னும் பெருமகன் உரோமிலிருந்து தம் தாயகமாகிய காலியாவுக்குத் திரும்பினார். முன்பு உரோமின் நகரத் தலைவராகவே இருந்தவர். சீட்டு கிடைக்காதவர் அல்லர். ஆயினும் அவர் தரைவழியைத் தவிர்த்துக் கடலோரமாகப் படகில் சென்றார். கோத்தர்களின் படையெடுப்புக்குப் பிறகு அவுரேலியச் சாலை வழியில் பாலங்கள் இல்லை, வீடுகள் இல்லை என்று தம் பயணக் கவிதையில் காரணம் சொல்கிறார்.

பிரித்தானியாவில் நிகழ்ந்தது அமைதியான மறைவு. இலண்டனிலிருந்து வடக்கே யார்க் செல்லும் சாலை நேன் ஆற்றைக் கடக்குமிடத்தில் துரோபிரிவே என்னும் மதில் சூழ்ந்த ஊர் இருந்தது. அதைச் சுற்றியிருந்த சூளைகளில் வனைந்த மட்பாண்டங்கள் தீவின் பல பகுதிகளுக்கும் சென்றன. 1975இல் அங்கே கிடைத்த வெள்ளிக் கலங்கள், பேரரசில் இதுவரை கிடைத்த கிறித்துவ வழிபாட்டு வெள்ளித் தொகுதிகளிலேயே மிகப் பழமையானவை என்று கருதப்படுகின்றன. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படை வெளியேறியது. படைக்குச் சம்பளமாக வந்துகொண்டிருந்த நாணயமும் நின்றது. நாணயம் நின்றதும் சந்தை நின்றது. சந்தை நின்றதும் சூளைகள் அணைந்தன. சாலைக்கு எந்தக் கேடும் நேரவில்லை. இன்றும் ஏ1 நெடுஞ்சாலை அவ்விடத்தை ஒட்டிச் செல்கிறது. ஊர் இருந்த இடம் வயல்வெளி.

சாலை இருந்தும் ஊர் இல்லாமற்போகும் இந்த விந்தை இத்தாலியிலும் உண்டு. 536இல் பெலிசாரியுஸின் படையோடு வந்த புரோகோபியுஸ் அப்பியச் சாலையைக் கண்டு வியந்தார். நெடுங்காலமாக வண்டிகள் ஓடியும் கற்கள் சற்றும் பிரியாமல் ஒன்றோடொன்று வளர்ந்து இணைந்தவைபோல் இருக்கின்றன என்று எழுதினார். கல்லை அமைத்தவன் நன்றாகவே அமைத்திருந்தான்.

இனிக் கிழக்கே செல்வோம். அங்கு அரசு சாயவில்லை. எனவே ஊர்களும் பிழைத்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். கான்ஸ்டான்டினோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள கால்செடோனில் தொடங்கி, நிக்கோமீடியா, நிக்கேயா வழியாக அங்காரா சென்று, அப்பால் சிரியாவுக்கு இறங்கும் பெருஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். போர்தோ பயணி 333இல் சென்றது இவ்வழிதான். லிபிஸ்ஸா என்னும் நிறுத்தத்தில், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறான் என்று நின்று குறித்துக்கொள்கிறார். இதே சாலையில் தாடஸ்தானா என்றொரு தங்கல்நிலை உண்டு. 364 பிப்ரவரி 17ஆம் நாள் பேரரசர் ஜோவியன் அங்கே இரவு தங்கினார். காலையில் உயிரோடு எழவில்லை. புதிதாகச் சுண்ணாம்பு பூசிய அறையின் நெடி என்றார்கள் சிலர். மூடிய அறையில் மூட்டிய கரிநெருப்பின் புகை என்றார்கள் சிலர். மிகையாக உண்டார் என்றும் சொன்னார்கள். அரசர் வருகிறார் என்று அவசரமாகச் சுவருக்குப் பூசிய அவ்வூர்க்காரர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வரலாற்றில் தாடஸ்தானாவின் பெயர் நிலைத்தது அந்த ஓர் இரவினால்தான்.

6ஆம் நூற்றாண்டில் இச்சாலையின் தலைப்பகுதிக்கு அடி விழுந்தது. அடித்தவர் பகைவர் அல்லர், பேரரசர் ஜஸ்டீனியனே. புரோகோபியுஸ் தம் மறைநூலில் அதை விளக்குகிறார். முன்பெல்லாம் ஒரு நாள் பயணத்தொலைவுக்குள் ஐந்து முதல் எட்டு நிலைகள் இருந்தன, நிலை ஒன்றுக்கு நாற்பது குதிரைகள், அவற்றுக்கேற்ற பணியாளர்கள். கடலுக்குத் தொலைவில் உள்நாட்டில் வாழ்ந்த உழவர்கள் தங்கள் மிகுதி விளைச்சலை இந்நிலைகளுக்கு விற்றார்கள். அரசு குதிரைக்குக் கொடுத்த காசு உழவனிடம் சேர்ந்து, வரியாக மீண்டும் அரசிடமே வந்தது. எவ்வளவு நேர்த்தியான சுழற்சி! ஜஸ்டீனியன் செலவைக் குறைக்க எண்ணி, கால்செடோன் முதல் தாகிபிசா வரையிலான நிலைகளை மூடினார். தாகிபிசா இன்றைய கெப்செ. தூதர்கள் இனிப் படகில் கடலைக் கடந்து ஹெலனோபோலிஸில் இறங்கிச் செல்ல வேண்டும். பாரசீக எல்லைக்குச் செல்லும் வழியை மட்டும் பழையபடி விட்டுவைத்தார். மற்ற வழிகளில், எகிப்து வரைக்கும், நாளுக்கு ஒரு நிலை. அதிலும் குதிரை இல்லை, சில கழுதைகள்.

ஹெலனோபோலிஸ் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலனாவின் ஊர் என்று புரோகோபியுஸ் கூறுகிறார். அந்த அம்மையார் இளமையில் சத்திரத்தில் பணிசெய்தவர் என்று மிலான் ஆயர் அம்புரோஸ் 395இல் வெளிப்படையாகவே பேசினார். அவ்வூருக்கு ஜஸ்டீனியன் நீர்க்கால்வாயும் குளியல் கூடமும் கட்டித்தந்தார். எதிர்க்கரையில் நிலைகள் மூடப்பட்ட அதே ஆட்சியில்தான். தாகிபிசா வழியே ஓடிய வாழ்வு கடலைத் தாண்டிப் போய்விட்டது.

உள்நாட்டில் நிகழ்ந்ததோ கொடுமை. வாங்க ஆளில்லாமல் தானியம் அழுகியது. வரியைப் பொன்னாகவே கட்ட வேண்டும். பொன்னுக்கோ விற்க வழியில்லை. அரசு அலுவலராக இருந்த யோவான் லிடுஸ், ஆசியாவின் உழவர்கள் தானியத்தைத் தாங்களே கடற்கரைத் துறைகளுக்குச் சுமந்துசெல்ல நேர்ந்தது என்றும், சுமை தூக்கிய பெண்கள் வழியிலேயே விழுந்து மாண்டார்கள் என்றும் எழுதுகிறார். அவர் தம் மேலதிகாரியை வெறுத்தவர். புரோகோபியுஸ் ஜஸ்டீனியனை வெறுத்தவர். எனவே இருவரையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் இருவரும் தனித்தனியே ஒரே செய்தியைச் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. சாலையோர ஊர் மூடப்பட்டால் அவ்வூர் மட்டும் சாவதில்லை. அதன் பின்னாலிருக்கும் பத்துக் கிராமங்களும் சாகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்றை நான் கண்டதில்லை.

அதே பெருஞ்சாலையில் அங்காராவுக்கு மேற்கே சிக்கியோன் என்னும் சிற்றூரில் வேறு கதை நடந்தது. அவ்வூரில் பிறந்து துறவியும் ஆயருமான தியோடோரின் வாழ்க்கையை அவருடைய சீடர் எழுதிவைத்தார். அடியார் வரலாறு ஆகையால் அற்புதங்கள் நிறைய உண்டு. ஆனால் அற்புதங்களுக்கு இடையில் சாலையோர வாழ்வு உள்ளபடியே தெரிகிறது. அரசு அஞ்சல் செல்லும் சாலையில் ஒரு சத்திரம். அதை எல்பிதியா என்னும் மூதாட்டியும் அவருடைய மகள்கள் மரியாளும் தெஸ்பினியாவும் நடத்தினார்கள். அக்காலச் சத்திரப் பெண்கள் பலரையும்போல் வந்துபோவோரின் இச்சைக்கும் அவர்கள் இடங்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நூலாசிரியர் மறைக்கவில்லை. அரச ஆணையோடு சென்ற கோஸ்மாஸ் என்னும் தூதர் ஓரிரவு தங்கினார். அவர் முன்பு ஒட்டகத்தின் மேல் வித்தை காட்டியவராம். அவருக்கும் மரியாளுக்கும் பிறந்தவரே தியோடோர்.

பிறகு ஸ்தெபானோஸ் என்னும் சமையற்காரர் அச்சத்திரத்தில் சேர்ந்தார். அவர் கைமணத்துக்காகவே அதிகாரிகள் அங்கே தங்கினார்கள். உணவாலேயே வருமானம் வந்ததால் அப்பெண்கள் பழைய வாழ்க்கையை விட்டொழித்தார்கள். நல்ல சமையல் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்த இச்செய்தியைப் பேரரசர்களின் வெற்றிகளுக்குச் சமமாக வைக்க நான் தயங்கமாட்டேன். சிறுவனுக்கு இறைப்பற்றையும் நோன்பையும் கற்றுத்தந்தவரும் அவரே. தாயோ மகனுக்குப் பொற்பட்டை கட்டித் தலைநகருக்கு அனுப்பி அரசுப் பணியில் சேர்த்துவிட வேண்டுமென்று கனவு கண்டார். அதே சாலையில் ஒவ்வொரு நாளும் பட்டை கட்டிய அதிகாரிகளைப் பார்த்தவர் வேறு என்ன கனவு காண்பார்? எட்டு வயதில் மகனை ஊர் ஆசிரியரிடம் எழுத்துப் பயில விட்டார். ஆம், ஒரு சத்திரமும் சில வீடுகளும் கொண்ட அவ்வூரில் எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய பெயரை நூல் நமக்குத் தரவில்லை.

தியோடோருக்குப் பன்னிரண்டு வயதானபோது கொள்ளைநோய் ஊருக்கு வந்தது. அவரும் படுத்துப் பிழைத்தார். வளர்ந்தபின் தலைநகருக்குப் போகாமல் ஊருக்கு மேலிருந்த குன்றிலேயே துறவு பூண்டு மடம் அமைத்தார். இதன்பின் சாலையில் சென்றவர்கள் சத்திரத்துக்காக மட்டும் நிற்கவில்லை, மடத்துக்காகவும் நின்றார்கள். பாரசீகப் போரிலிருந்து திரும்பிய தளபதி மௌரீசியுஸ் இங்கு வந்து வாழ்த்துப் பெற்றுச் சென்று, 582இல் பேரரசரானார். பாரசீகம் செல்லும் வழியில் ஜஸ்டீனியன் கைவைக்கவில்லை என்பதும் சிக்கியோனுக்குத் துணைநின்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஊரருகே ஓடிய சிபெரிஸ் ஆற்றுக்கு அவர் கட்டிய பாலத்தைப் புரோகோபியுஸே வேறொரு நூலில் புகழ்கிறார். ஒரே கை ஓரிடத்தில் நிலையை மூடியது, ஓரிடத்தில் பாலம் கட்டியது.

613இல் தியோடோர் மறைந்தார். அடுத்த பத்தாண்டுக்குள் பாரசீகப் படை அங்காராவைக் கைப்பற்றியது. அதன்பின் அரபுப் படையெடுப்புகள் ஆண்டுதோறும் அவ்வுயர்நிலத்தில் ஏறி வந்தன. நகரங்கள் குன்றின் மேல் கோட்டைகளாகச் சுருங்கின. சமவெளியில் சாலையை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு ஏறி ஒளியக் குன்றும் வாய்க்கவில்லை. தாடஸ்தானாவுக்கும் சிக்கியோனுக்கும் இடையில் ஜூலியோபோலிஸ் என்னும் நகரம் இருந்தது. போர்தோ பயணியும் நகரமென்று குறித்த ஊர். 1950களில் சாரியார் அணை கட்டப்பட்டபோது அதன் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கியது. 2009 முதல் அங்காரா அருங்காட்சியகத்தார் கரைமேட்டில் எஞ்சிய கல்லறைகளை அகழ்ந்து வந்தனர்.